ஸ்டியரிங் மட்டும் வீட்டுக்கு

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகவே சுற்றியது. எஞ்சின்தான் பற்றிக்கொள்ளவில்லை. அவள் சாவியை விட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி திருப்பினாள். அதே சுற்றல். அதற்குப் பிறகு அதே அமைதி.

ஷெட் வாசலில் அண்ணன் பல் துலக்கிக்கொண்டே நின்றான்.

“என்ன, மாப்பிள்ளை இன்னைக்கும் எழுந்திரிக்கலையா?”

நாற்பது தாண்டியும் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அந்தக் காரை அவன் மாப்பிள்ளை என்றுதான் சொல்வான்.

“முதல்ல வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து பேசு.”

“பேசறதுக்கு என்ன இருக்கு? மாசக் கடைசிக்குள்ள இது சோதனைக்குப் போகலேன்னா அடுத்த மாசம் என் டைல்ஸ் பெட்டியெல்லாம் இங்க வந்து உக்காந்துரும். நீயும் சரின்னுதானே தலையாட்டின?”

தலையாட்டியது உண்மைதான். பழைய வண்டிகள் வருஷத்துக்கு ஒரு தடவை தகுதிச் சோதனைக்கூடத்துக்குப் போய் நிற்க வேண்டும். தானாக ஓடிப் போக வேண்டும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறித்த மாதத்துக்குள் போகாவிட்டால் பதிவு எண் ரத்தாகும். ரத்தான எண்ணைத் திரும்ப வாங்க வழியே இல்லை. அதன் பிறகு அந்த வண்டி சாலையில் சக்கரம் வைக்க முடியாது. காராக இருந்தது அன்றோடு இரும்பாகிவிடும்.

அது சாதாரணக் காரும் இல்லை. இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்கார்ந்த உடம்பு. முன்விளக்குகள் பானட்டுக்குள் மூடிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் இமை திறப்பதுபோல இரண்டும் எழுந்து நிற்கும். அதனால் அந்த மாடல் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதை ஆந்தை என்றார்கள். எஞ்சின் சின்னதுதான், ஆனால் டர்போ உண்டு. எஞ்சின் வெளியே விடும் புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி உள்ளே போகும் காற்றை அழுத்தித் திணிக்கும். வேண்டாம் என்று வெளியே விட்ட மூச்சை வைத்தே அடுத்த மூச்சைப் பெரிதாக இழுப்பது. பெடலை மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். அந்த ஒரு நொடிக் காத்திருப்புக்காகவே அவள் அதை வாங்கினாள் என்று சொல்லலாம். அந்த வீட்டில் அவளாகப் பார்த்து, அவளாக ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது.

உதவி தேடி முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சி, பஞ்சு நாற்காலி. முன்மேஜைப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மேடம், எங்க சிஸ்டத்துல இப்படி ஒரு வண்டியே இல்லையே.”

“என் வீட்டு ஷெட்டுல இருக்கேம்மா.”

“சிஸ்டத்துல இல்லையே மேடம்.”

அடுத்து தெருமுனை ஒர்க்‌ஷாப்காரர் வந்தார். கோளாறு பார்க்கும் கருவியின் கேபிளை எங்கே சொருகுவது என்று டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிவிட்டு, “இதுக்கு ஓட்டையே வேற மாதிரி இருக்கு” என்று வெளியே வந்தார். லாரி எலக்ட்ரீஷியன் ஒருவர் பானட்டைத் திறந்தார், உள்ளே இருந்த குழாய்களைப் பார்த்தார், எதையும் தொடாமல் மரியாதையாக மூடினார். “இது வண்டியாம்மா, கைக்கடிகாரமா?” என்றார்.

மிச்சம் இருந்தது ஆந்தைக் கூட்டம்தான், அந்த மாடல் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் சங்கம். ஏன் முதலிலேயே அவர்களிடம் போகவில்லை என்று பின்னால் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. தன் கையாலேயே சரிசெய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற வீம்பு. அவ்வளவுதான்.

வீம்புக்குக் காரணம் இருந்தது. அவள் வேலை பல்செட் செய்வது. நகரத்துப் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வாங்கி, மாவுக்கட்டியில் தாடை வார்த்து, மெழுகில் பல் நட்டு, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறப் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்து எடுப்பாள். மேல் தாடையும் கீழ் தாடையும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை கூடினாலும் போட்டுக்கொண்டவருக்குச் சோறு இறங்காது. அவள் செய்த செட் திரும்பி வந்ததாக அவள் வேலை செய்யும் பல்செட் கூடத்தில் யாரும் சொன்னதில்லை. கூட்டத்தில் அவளுக்குப் பெயரே பல்லுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆந்தையில் ஒரு சின்னப் பாகம் உடைந்தது. எஞ்சினின் கீழ் முனையில் பல் வைத்த சக்கரம் ஒன்று சுற்றும். அதன் பக்கத்தில், தொடாமல், நகக்கனம் இடைவெளி விட்டு ஒரு சென்சார் நிற்கும். ஒவ்வொரு பல்லும் கடந்து போகும்போது சென்சாரில் ஒரு மெல்லிய துடிப்பு எழும். சக்கரத்தில் ஒரே ஒரு பல்லை வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஓட்டை கடக்கும்போது துடிப்பு ஒன்று தப்பும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது, இப்போது பொறி கொடு என்று வண்டியின் மூளைப்பெட்டி அதிலிருந்துதான் புரிந்துகொள்ளும். துடிப்பு வரவில்லை என்றால் பொறி இல்லை. பொறி இல்லையென்றால் எஞ்சின் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது.

அந்தச் சென்சாரைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடிப்புதான் உடைந்தது. உலகத்தில் எங்கும் அதை இப்போது தயாரிப்பதில்லை. அவள் உடைந்த துண்டுகளை ஒட்டி, அச்சு எடுத்து, மாவுக்கட்டியில் வார்த்து, பல்செட் பிளாஸ்டிக்கில் புதிதாக ஒன்று செய்துவிட்டாள். கூடத்தில் வேறு நிறம் இல்லாததால் ஈறு நிறத்திலேயே செய்தாள். ஒரே தடவையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கறுத்த எஞ்சினுக்கு நடுவில் அது மட்டும் சிவந்து தெரியும்.

“ஏம்மா பல்லு, ராத்திரி கழற்றித் தண்ணியில போட்டு வைக்கணுமா?” என்று கேட்டார் டாக்டர். கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

டாக்டர் நிஜ டாக்டர் இல்லை. தண்ணீர் பம்பு ஏஜென்சி வைத்திருந்தவர். ஸ்டெதஸ்கோப்பை எஞ்சின் மேல் வைத்துக் கேட்டுக் கோளாறு சொல்வதால் அந்தப் பெயர். அவர் கூடவே வரும் பைலட்டும் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் டிராக்டர் ஓட்டுகிறவன். அவளைவிடச் சின்னவன்; வாய்க்கு வாய் அக்கா என்பான்.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய ஆந்தை இனி எழாது என்று முடிவாகிவிட்டால், அதை வெளியாளுக்கு விற்கக் கூடாது. எல்லோரும் வந்து கழற்றி, யாருக்கு எது இல்லையோ அதை எடுத்துக்கொள்வார்கள். காசு கிடையாது. சொந்தக்காரருக்கு ஸ்டியரிங். “ஸ்டியரிங் மட்டும் வீட்டுக்கு” என்று சொல்லிக் கொடுப்பார்கள். போன வருஷம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் ஆந்தையை அப்படித்தான் பிரித்தார்கள். அவர் ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். பக்கத்து சீட்டுக்காரர் “எங்க சார், வண்டி மீதி?” என்று கேட்டாராம். அந்த வண்டியின் கியர்பாக்ஸ் அவளுக்கு வந்தது. அவளுடையதில் இரண்டாவது கியர் வெகுநாளாகக் கரகரத்துக்கொண்டிருந்தது.

அவள் போன் செய்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே டாக்டரும் பைலட்டும் வந்துவிட்டார்கள். அண்ணன் இருவருக்கும் தேநீர் கொடுத்தான்.

“டாக்டர், எங்க வீட்டு மாப்பிள்ளையைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க. இல்லேன்னா சட்டுனு ஒரு முடிவு சொல்லுங்க. டைல்ஸ் மழையில நனையுது.”

டாக்டர் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, தரையில் அட்டை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து எஞ்சினுக்குக் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“நின்னுபோறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?”

“கொஞ்ச நாளாவே பிடிக்க நேரமாச்சுண்ணே. பிடிச்சுட்டா ஜோரா ஓடும்.”

“ம்.” அவர் பைலட்டைப் பார்த்தார். “கேஜை எடு. கம்ப்ரெஷன் பார்த்துடுவோம்.”

கம்ப்ரெஷன் பார்ப்பது என்றால் இதுதான். எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் தலையிலும் பொறி கொடுக்கும் பிளக் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கேஜ் என்ற அழுத்தமானியைத் திருகி, ஸ்டார்ட்டரைச் சுற்றினால், உள்ளே பிஸ்டன் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று முள் காட்டும். நோயாளியை ஊதச் சொல்லி நுரையீரலைப் பார்ப்பது மாதிரி. இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினுக்குக் காற்றே போகாது. இன்னொருவர் முன்னால் நின்று முள்ளைப் படிக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் திறந்த பானட்டின் அடிப்பக்கம்தான் தெரியும்.

அவள் உள்ளே உட்கார்ந்தாள்.

“ஒண்ணு... நல்லா இருக்கு, நிறுத்து,” என்றது டாக்டரின் குரல். பிளக் திருகும் சத்தம். “ரெண்டு. சுத்து. சுத்தும்மா. இன்னும்...” கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. “நிறுத்து. மூணு. சுத்து.”

அவள் சுற்றினாள்.

“ஐயோ,” என்றார் டாக்டர்.

நான்காவதும் பார்த்தார்கள். அது நன்றாக இருந்தது. அவள் இறங்கி முன்னால் வந்தபோது அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது.

“நடுவுல ரெண்டும் போச்சு,” என்றார் டாக்டர். “பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து போனா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரியும். எஞ்சினின் தலைப்பகுதி அந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. ஒன்றின் அழுத்தம் மற்றதில் கசிகிறது. ஒரு சிலிண்டர் போனால் மூன்றில் திணறியாவது ஓடும். இரண்டு போனால் எழாது. எல்லாம் பொருந்தியது. அதுவும் நன்றாகவே பொருந்தியது.

“ஹெட் கிடைக்குமாண்ணே?”

“இந்த வண்டிக்கா? எங்க கிடைக்கும், சொல்லு? கிடைச்சாலும் மாசக் கடைசிக்குள்ள மாட்டிட முடியுமா?”

“நான் ஒரு தடவை முள்ளைப் பார்க்கறேன். நீங்க உள்ள உக்காருங்க.”

டாக்டர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது. நான்கு தடவை அப்படிச் சுற்றியதில் பேட்டரி இறங்கிவிட்டிருந்தது. அது யாருடைய குற்றமும் இல்லை.

அவள் பைலட்டைக் கேட்டாள். “நீயும் பார்த்தியா தம்பி?”

பைலட் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

“பார்த்தேன்க்கா.”

“ரெண்டும் போச்சா?”

“டாக்டர் அண்ணன் சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்.”

மாதம் முடிந்தது. எண் ரத்தானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல மெதுவாகப் பேசினார்கள். ஸ்பேனர் கீழே விழுந்தால்கூட மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர் சீட்டை எடுத்தார், ஒருவர் இமை திறக்கும் மோட்டார்களை, ஒருவர் கதவுக் கண்ணாடிகளை. பைலட்டுக்கு டர்போ கிடைத்தது. கியர்பாக்ஸ் இன்னொருத்தருக்குப் போனது. எஞ்சின் எதற்கும் ஆகாது என்றார்கள். “பழைய இரும்புக்குத்தானே போகுது, நானே ஏத்திட்டுப் போயிடறேன், உனக்கெதுக்கு அலைச்சல்?” என்றார் டாக்டர். அவருடைய ஆந்தை வெகுநாளாக நீலப் புகை விட்டுக்கொண்டிருந்ததும், எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்ததும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நன்றி சொன்னாள்.

டாக்டர் ஸ்டியரிங்கைத் தன் கையாலேயே கழற்றி, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“ஸ்டியரிங் மட்டும் வீட்டுக்கு. சுவத்துல மாட்டிக்க பல்லு. மனசு கேக்கும்.”

வெற்றுக்கூட்டைப் பழைய இரும்பு லாரி தூக்கிக்கொண்டு போனது. அண்ணன் அன்றைக்கு மாப்பிள்ளை என்ற வார்த்தையை எடுக்கவில்லை. டைல்ஸ் பெட்டிகளை இறக்கும்போது, எண்ணெய்க் கறை படிந்த அந்த நீளச் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் அடுக்கினான். அவன் கிண்டல் செய்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

பல மாதம் கழித்து பைலட் போன் செய்தான். வருஷாந்திர ஓட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும், வண்டி இல்லாவிட்டாலும் அவள் கூட்டத்து ஆள்தான் என்றான். அவள் பஸ்ஸில் போனாள். நெடுஞ்சாலை ஓரத்து உணவு விடுதியின் திடலில் ஆந்தைகள் வரிசையாக நின்றன. அவள் சீட்டு ஒன்றில், அவள் கண்ணாடி இன்னொன்றில். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். டாக்டரின் வண்டி பானட் திறந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நீலப் புகை இல்லை. நான்கு சிலிண்டரும் சேர்ந்து பாடும் அந்த மெல்லிய, தடையில்லாத ஒலி.

அவள் குனிந்து கீழே பார்த்தாள். கறுத்த எஞ்சினுக்கு அடியில் ஈறு நிறத்தில் அவள் செய்த பிடிப்பு.

பிடிப்பு சற்று வளைந்திருந்தது. பல்செட் பிளாஸ்டிக் வாய்ச்சூட்டுக்கு ஆனது. எஞ்சின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும். தொய்ந்தால் சென்சார் சக்கரத்தைவிட்டு விலகும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது துடிப்பு பலமாக இருப்பதால் அந்த விலகல் தெரியாது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போதுதான் துடிப்பு பலவீனமாகி, மூளைப்பெட்டிக்கு எட்டாமல் போகும். முதலில் பிடிக்க நேரமாகும். பிறகு ஒருநாள் பிடிக்கவே பிடிக்காது. பிடிப்புக்கும் சென்சாருக்கும் நடுவில், விலகலை ஈடுகட்ட யாரோ ஒரு துண்டுத் தகடு சொருகியிருந்தார்கள். குளிர்பான டப்பாவை வெட்டிய தகடு. அதன் ஓரத்தில் பச்சை எழுத்து ஒன்றில் பாதி தெரிந்தது.

அவ்வளவுதான் கோளாறு. கத்தரிக்கோலும் ஒரு காலி டப்பாவும் போதும். வண்டி எழாத அந்த நாட்களில் அவள் வயரைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், பிளக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாள். இந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அவள் செய்தது தப்பாகப் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அட்டை விரித்துப் படுத்து டார்ச் அடித்தவருக்கு முதல் நிமிஷத்திலேயே தோன்றியிருக்கிறது.

“எப்படிண்ணே ஓடுது?” என்றாள்.

டாக்டர் தேநீர்க் கோப்பையோடு திரும்பினார். அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கவனித்தார். மறைக்க முயலவில்லை.

“நல்லா ஓடுது.”

“நடுவுல ரெண்டும் போச்சுன்னீங்க.”

“சொன்னேன்.”

“ஏண்ணே?”

“உன்கிட்ட ஒரு ஆந்தை, என்கிட்ட ஒண்ணு. ரெண்டும் நொண்டி. இப்ப ஒண்ணு முழுசா ஓடுது. கூட்டத்துக்கு அது போதாதா?” அவர் குரலில் கோபம் இல்லை. பம்பு வாங்க வந்தவருக்கு விளக்குவதுபோலத்தான் பேசினார். “நீ அதை ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்ப. நான் தினம் ஓட்டறேன்.”

“அது என் வண்டி.”

“தபால்காரரும் அப்படித்தான் சொன்னாரு. அவருக்கும் நான்தான் கேஜ் படிச்சேன். நீ எங்க நின்ன அன்னைக்கு? கேஜ் பக்கத்துலதானே நின்ன? முள் எங்க நின்னுச்சுன்னு பார்த்தியா?”

அவள் பார்க்கவில்லை. தபால்காரர் வண்டியைச் சோதித்த அன்று அவள் கேஜின் பக்கத்தில்தான் நின்றாள். பார்த்ததெல்லாம் கீழே இருந்த கியர்பாக்ஸை. எண்ணெய்க் கசிவு இல்லாமல், சுத்தமாக, புதிதுபோல இருந்த கியர்பாக்ஸை.

பைலட் தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, தேநீர் சொல்லட்டா?” என்றான்.

அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போவான். போய் என்ன கேட்பது? எண் ரத்தாகிவிட்டது. கூடு உருகிவிட்டது. தபால்காரரை மட்டும் ஒருநாள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். என்ன சொல்வது என்று தெரியாததால் போகவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது டாக்டரும் பைலட்டும் அவள் வேலை செய்யும் கூடத்துக்கு வந்தார்கள். நீளமான அறை அது. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியும் பளபளப்பாக்கும் சக்கரமும். இன்னொரு பக்கம் கூரை வரை அலமாரி. அதில் நூற்றுக்கணக்கான மாவுத் தாடைகள். செட் செய்து கொடுத்த பிறகும் அச்சை எறிவதில்லை. உடைந்தால் அதே அச்சில் இன்னொன்று செய்யலாம்.

டாக்டர் பையிலிருந்து அந்த ஈறு நிறப் பிடிப்பை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று தகடு சொருகிப் பார்த்திருந்தார். இப்போது அது நன்றாகவே கோணியிருந்தது.

“தகட்டுக்கு மசியல பல்லு. நேராவும் நிக்க மாட்டேங்குது. ஒண்ணு செஞ்சு குடு. சூடு தாங்கற மாதிரி ஏதாவது கலந்து.” பையை மூடினார். “மாசக் கடைசிக்குள்ள சோதனைக்குப் போகணும்.”

“வேற யார்கிட்டயும் கேட்டீங்களா?”

“கேக்காமலா? என் பழைய எஞ்சின்ல இருந்த பிடிப்பு கழற்றும்போதே பொடிஞ்சுபோச்சு. தகரத்துல ஒருத்தன் செஞ்சான், அலுமினியத்துல ஒருத்தன். அளவு வரல. ஒரு நகக்கனம், எவனுக்கும் பிடிபடல. உன் கைக்குத்தான் வரும்.”

அதைச் சொல்லும்போது அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் அதில் கொடுமை.

அவள் பிடிப்பைக் கையில் எடுத்தாள். விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிடுக்கி அளவுகோலின் இரண்டு தாடைக்கு நடுவில் வைத்து இறுக்கினாள். அதன் எண்கள் அவள் பக்கம் இருந்தன. மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற டாக்டருக்கு அதன் முதுகுதான் தெரிந்தது.

“ஐயோ,” என்றாள்.

“என்ன?”

“ரெண்டு பக்கமும் கோணிடுச்சுண்ணே. இதை வச்சு அச்சு எடுத்தா கோணலாத்தான் வரும்.”

“உன்கிட்ட பழைய அச்சு இருக்குமே?”

“உடைஞ்சுபோச்சு.”

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை தாடைகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. அவருக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிந்திருக்கும்.

பைலட் கொஞ்சம் தள்ளி, சன்னலோரம் நின்றிருந்தான். அவன் கண் மூன்றாவது தட்டில் நின்றது. அங்கே தாடைகளுக்கு நடுவில் தாடை இல்லாத ஒரு அச்சு இருந்தது. நான்கு மூலை, நடுவில் சென்சாருக்கான துளை. வாய் வடிவம் இல்லாதது அது ஒன்றுதான். அவன் அதைப் பார்த்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்த்தாள் என்று அவனுக்கும் தெரிந்தது.

அவன் வாயைத் திறந்திருந்தால் அவள் அதை எடுத்து மேஜையில் வைத்திருப்பாள். அப்போதே பொடியையும் திரவத்தையும் கலந்திருப்பாள். அவசரப்படாமல், குமிழி விழாமல், மெதுவாக வேகவைத்து, இந்தத் தடவை சூட்டுக்கு இடம்விட்டுத் தடிமனாகவே செய்து கொடுத்திருப்பாள். ஓடுவது அவளுடைய எஞ்சின்தான். அது நிற்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் காத்திருந்தாள்.

பைலட் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான்.

“நீயும் பார்த்தியா தம்பி?” என்று கேட்டாள்.

“எதைக்கா?”

“இது கோணியிருக்கறதை.”

“நீங்க சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்.”

டாக்டர் கோணிப்போன பிடிப்பைக் கையில் எடுத்தார். அவருக்கும் ஏதோ பிடிபட்டுவிட்டது. இந்தக் குரலை அவர் தன் வாயிலேயே கேட்டிருக்கிறார். முன்னால் சாய்ந்து, தாழ்ந்த குரலில், வியாபாரம் பேசுவதுபோலக் கேட்டார்.

“சரி. உனக்கு என்ன பார்ட் வேணும், சொல்லு.”

“எனக்கு எதுக்குண்ணே பார்ட்? வண்டியே இல்லையே.”

அவள் ஒரு பழைய துணியை எடுத்து, மேஜையில் பிடிப்பு விட்டுப்போயிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள். பிறகு இரண்டு கையாலும் அந்தத் துணியை மடித்து வைத்தாள்.

“ஸ்டியரிங்கைச் சுவத்துல மாட்டிக்கங்க,” என்றாள். “மனசு கேக்கும்.”

அவர்கள் போன பிறகு வேலைக்கு உட்கார்ந்தாள். ஒரு கிழவருக்கு மேல் செட், அன்று சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும். முன்பல் ஒன்றை மெழுகில் நட்டாள். கோணலாக நின்றது. பிடுங்கிவிட்டு மறுபடி நட்டாள்.